சோப்பு அக்காவின் மூக்கு

அந்த வீட்டில் கணவர் கிருமி வளர்ப்பவர், மனைவி கிருமியைக் கொல்பவள். இரண்டு வேலைக்கும் ஒரே ஆஸ்பத்திரிதான் சம்பளம் கொடுத்தது.

அவருடைய லேப் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே வார்டில் யாருக்குக் காய்ச்சல் இறங்காவிட்டாலும், யார் புண்ணில் சீழ் வைத்தாலும், அதில் ஒரு துளி பஞ்சுக் குச்சியில் ஏறி அவரிடம் வந்துவிடும். வட்டத் தட்டில் ரத்தம் கலந்த தீனி உறைந்திருக்கும். அதன்மேல் அந்தக் குச்சியைத் தடவி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுவார். மறுநாள் திறந்தால் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். “வாங்க வாங்க, நல்லாத் தூங்கினீங்களா?” என்று விசாரித்துவிட்டுத்தான் பேனாவையே எடுப்பார். அதனால் ஆஸ்பத்திரியில் அவருக்குத் தோட்டக்காரர் என்று பேர். அவருக்கும் அதில் வருத்தமில்லை. பேரைவிட மோசமான விஷயங்களைத் தினமும் கையில் எடுக்கிறவர்.

அவர் மனைவி தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஆபரேஷன் வார்டில் காயங்களுக்குக் கட்டுப் போடுவதும் அவள்தான். அவளுக்கு வைத்த பேர் சோப்பு அக்கா. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் எங்கிருந்தோ முளைத்து நிற்பாள். “கட்டைவிரலை யார் கழுவுவா, பக்கத்து வீட்டுக்காரரா?” என்பாள். பெரிய டாக்டர்கூட அவளைத் தூரத்தில் கண்டால் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். வீட்டில் கேட்கவே வேண்டாம். தோட்டக்காரர் வாசலிலேயே செருப்பை விட்டு, முழங்கை வரை கழுவி, பிறகு குழாயையும் கழுவி, அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் என்ற அந்தஸ்தை அடைவார். கிருமியோடு நாள் முழுவதும் குடித்தனம் நடத்தும் மனுஷனை வேறு யார்தான் நடுக்கூடத்தில் உட்கார விடுவார்கள்?

வம்பு ஆபரேஷன் வார்டில் தொடங்கியது. முதலில் ஒரு லாரி டிரைவரின் தையல் சிவந்து வீங்கியது. அடுத்தது ஒரு வாத்தியார். மூன்றாவது ஒரு தையல்காரம்மா. வயிற்றில் கட்டி எடுத்துவிட்டு இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவள், சீழ் வைத்துப் படுத்தபடி கிடந்தாள். படுத்திருந்தாலும் வாய் படுக்கவில்லை. “நானா இருந்தா இப்படித் தைச்சுக் கொடுத்துட்டு வாடிக்கைக்காரங்க முகத்துல முழிக்க மாட்டேன்” என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடமே சொன்னாள். அவள் கடை பூட்டிக் கிடந்தது. காய்ச்சல் ஏறும்போது மட்டும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது வார்டே பயந்துபோகும்.

மூன்று பேர் சீழிலும் முளைத்தது ஒரே ஆள்தான். தட்டில் தங்க நிறம், மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்து. முழுப் பேர் ஸ்டாஃபிலோகாக்கஸ். தோட்டக்காரர் செல்லமாகத் தங்கம் என்பார். மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் இது சும்மா குடியிருக்கும். வாடகை தராது, வம்பும் பண்ணாது. அந்த மூக்குக்காரருக்கே தெரியாது. ஆனால் கத்தி பட்ட தோல் வழியாக உள்ளே இறங்கினால் தொலைந்தது. சதையைத் தின்னும், விஷத்தைக் கக்கும், பிடிக்க வரும் வெள்ளை அணுக்களைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும். அப்படிச் செத்த பிணக்குவியலைத்தான் நாம் சீழ் என்கிறோம். இதற்காகக் கிருமியைக் கெட்டவன் என்று திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அதற்குக் கெட்ட எண்ணம் கிடையாது. எண்ணம் என்பதே கிடையாது. தின்னும், இரண்டாகும், அந்த இரண்டும் தின்னும். இதைவிடப் பெரிய லட்சியம் உள்ள மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தோட்டக்காரர் அந்தத் தங்கத்தின்மேல் மருந்து தோய்த்த குட்டிக் காகித வில்லைகளை வைத்துப் பார்த்தார். எந்த மருந்துக்குக் கிருமி பயப்படுகிறதோ, அந்த வில்லையைச் சுற்றி வட்டமாக ஒதுங்கி நிற்கும். பயப்படாவிட்டால் வில்லையின் காலடி வரை வந்து படுத்துக்கொள்ளும். மூன்று தட்டிலும் ஒதுங்கின இடமும் படுத்த இடமும் அச்சு அசல் ஒன்றாகவே இருந்தன. ஒரு குடும்பம், ஒரே ஊற்று.

“யாரோ ஒருத்தர் மூக்குல இருந்து வருது” என்று சோப்பு அக்கா காலைக் கூட்டத்தில் அறிவித்தாள். “வார்டுக்குள்ள கால் வைக்கிற அத்தனை பேர் மூக்கும் எனக்கு வேணும். யாருன்னு தெரிஞ்ச நிமிஷமே வார்டை விட்டு வெளியே. யாரா இருந்தாலும் சரி.”

சொல்லும்போதே அவள் கண் ஆபரேஷன் டாக்டரின் தாடியில் இருந்தது. நெஞ்சு வரை இறங்கிய தாடி அது.

“சிஸ்டர், இதை நான் காலேஜ்ல இருந்து வளர்க்கறேன்” என்றார் டாக்டர் பரிதாபமாக.

“அதுக்குள்ள எது எதெல்லாம் காலேஜ்ல இருந்து வளருதோ!”

மறுநாள் டாக்டர் மழமழவென்று வந்தார். வாசல் காவலாளி அடையாள அட்டை கேட்டான். உள்ளே வந்தபின், சொந்த மனைவியே தன்னைப் பார்த்துக் கதவைச் சாத்தப் போனதாக எல்லோரிடமும் சொல்லி ஆறுதல் தேடிக்கொண்டிருந்தார்.

சோப்பு அக்கா ஒவ்வொரு மூக்காகக் குச்சியை விட்டுச் சுழற்றினாள். பெருக்குகிறவர், சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர், பெரிய டாக்டர், ஒருவரையும் விடவில்லை. எல்லாருக்கும் முன்மாதிரியாகத் தன் மூக்கையும் கொடுத்தாள். அதை எடுத்தவர் தோட்டக்காரர்தான். குச்சியை ஒரு சுற்றுச் சுற்றியதும் அவள் அவர் முகத்திலேயே தும்மிவிட்டு, “போய் முகத்தைக் கழுவுங்க” என்றாள். பிறகு அந்தக் குச்சியைப் போட்டு மூடிய கண்ணாடிக் குழாயில் தன் கையாலேயே சீட்டு எழுதி ஒட்டினாள்.

தட்டுகள் முளைத்தன, வில்லைகளுக்கும் பதில் வந்தது. ஒரு சாயங்காலம் தோட்டக்காரர் வரிசையாக எடுத்துப் பார்த்தார். பலர் மூக்கில் தங்கம் இருந்தது. பெரிய டாக்டர் மூக்கில் தாராளமாகவே இருந்தது. ஆனால் எல்லாம் வேறு வேறு குடும்பம். தாடி டாக்டரின் தட்டில் தங்கமே இல்லை. அடப்பாவமே என்று நினைத்துக்கொண்டே அடுத்த தட்டை எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வில்லைகளைச் சுற்றி அதே வட்டங்கள், அதே படுக்கை. தட்டைத் திருப்பி அடியில் படித்தார். பிறகு குழாயைத் தேடி எடுத்து அதையும் படித்தார். அவள் கையெழுத்து, அவள் பதவி.

“தங்கம், உனக்கு வேற மூக்கே கிடைக்கலையா?” என்று அதனிடமே கேட்டார்.

அவள் அன்றைய வேலையை முடித்து வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில்தான் மறுபடியும் கட்டுப் போடும் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் போவாள். அதற்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நாலாவதாக ஒருவர் தையல் சிவக்கும், தையல்காரம்மாவின் புண்ணும் ஆறாது. இது அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் ஒரு நப்பாசை. அதே தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிதாக வில்லை வைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மூன்று முறை வாயைத் திறந்தார். முதல் முறை, “ஏம்மா, மூக்கு இருக்கே...” என்றார். “எல்லாருக்கும் இருக்கு. சாப்பிடுங்க” என்றாள். இரண்டாம் முறை இருமி ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு இருமத் தெரியாதா என்று கேட்டாள். மூன்றாம் முறை அவள் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பாத்திரத்தை அடுக்கிக்கொண்டிருந்த கை அது. கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வறண்டு, முட்டிகளில் தோல் வெடித்துக் கோடு கோடாகச் சிவந்திருந்தது. களிம்பு தடவினால் பிசுபிசுக்கும் என்று தடவவும் மாட்டாள்.

சொல்ல முடியாததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. அவளுடைய அப்பா ஒரு சின்ன ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவர். காயத்தில் சீழ் வைத்து, அது ரத்தத்தில் கலந்து, திரும்பி வரவில்லை. அப்போது அவளுக்குப் பள்ளிக்கூட வயசு. யாரோ கழுவாத கை அப்பாவைக் கொன்றுவிட்டது என்று அன்றைக்கு முடிவு கட்டியவள். அந்தக் கைக்காரர் இன்னார் என்று தெரியாததால் உலகத்திலுள்ள எல்லாக் கைகளையும் கழுவ வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், ‘அந்தக் கை இப்போது உன்னுடையது’ என்று எந்த வாயால் சொல்வது?

காலையில் அவர் அவளுக்கு முன்னாலேயே லேபுக்கு ஓடினார். பெட்டியைத் திறந்தார். புதிய தட்டும் பழைய கதையையே சொன்னது. கிருமிகளுக்கு முகத்தாட்சண்யம் கிடையாது.

கதவு திறந்தது. சோப்பு அக்கா நின்றாள், கையில் கட்டுப் போடும் சாமான்கள்.

“தெரிஞ்சுடுச்சா? யாரு? தாடிதானே?”

“தாடி இல்ல. பாவம், அவர் மூக்கு துடைச்சுவெச்ச மாதிரி இருக்கு.”

“அப்போ யாரு?”

தோட்டக்காரர் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வாழ்க்கையில் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லிப் பழகாதவர். என்ன சொல்கிறோம் என்று யோசிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

“நான்தான். சும்மா என் மூக்கையும் எடுத்துப் பார்த்தேன். எங்கிட்டதான் இருக்கு.”

சொன்னதும் அவருக்கு அப்பாடா என்று இருந்தது. இப்போது திட்டுவாள். நன்றாகத் திட்டட்டும். மூக்கில் மருந்து போடுவாள், வாசலில் படுக்க வைப்பாள், போகட்டும். அவள் மனசு உடையாமல் இருந்தால் போதும். ஆனால் அவள் திட்டவில்லை. சாமான்களை மேஜையில் வைத்துவிட்டு, புருவத்தைச் சுருக்கி, அவருடைய மூக்கையே ஒரு வழக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“நீங்க வார்டுப் பக்கமே வர்றதில்லையே.”

“அது... எப்பவாவது...”

“எப்பவும் வர்றதில்ல. படியேறினாலே மூச்சு வாங்கும் உங்களுக்கு. உங்க மூக்குல இருக்கறது அங்க படுத்திருக்கறவங்க காயத்துக்கு எப்படிப் போகும்? பறந்தா?”

“காத்துல...”

“காத்துலயா! நீங்களே இதைச் சொன்னா எப்படி? யாராவது எடுத்துட்டுப் போகணும். உங்ககூடவே இருக்கறவங்க, தினமும் வார்டுக்குப் போறவங்க, காயத்துக்கிட்ட...”

அங்கே நின்றுவிட்டாள். மனைவியின் புத்திக்கூர்மையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டவர், அந்த நிமிஷத்தில் அதை நொந்துகொண்டார். பொய் சொல்லித் திசைதிருப்பப் பார்த்தவர், நேர்வழியைக் காட்டிவிட்டிருந்தார்.

அவள் தன் கைகளை விரித்துப் பார்த்தாள்.

“கையுறை போட்டுக்கிட்டுத்தானே கட்டுப் போடறேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “ஆனா பிளாஸ்டரை முன்னாடியே கிழிச்சு வெச்சுக்கறேன். கையுறையோட கிழிச்சா அதுலயே ஒட்டிக்கும்னு வெறுங்கையால கிழிச்சு ட்ராலி ஓரத்துல வரிசையா ஒட்டி வெச்சுக்கறேன். அப்புறம் கையுறையைப் போட்டுக்கிட்டு அதையே எடுத்துக் காயத்தைச் சுத்தி...” நிமிர்ந்தாள். “உங்க மூக்கு இல்ல. என்னோடது. அந்தத் தட்டைக் கொடுங்க.”

கொடுத்தார். வேறு வழி?

அவள் திருப்பிப் படித்தாள். வட்டங்களைப் பார்த்தாள். மறுபடியும் திருப்பிப் படித்தாள். அவருக்குத்தான் தாங்கவில்லை. “ஏம்மா, மூணுல ஒருத்தருக்கு இது இருக்கும். உன் தப்பு இல்ல. கைத்தோல் நல்லா இருந்தா கழுவினதும் போயிடும். வெடிச்ச தோல்ல போய் உக்காந்துக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. நீ கழுவாம விட்டதால வரல. கழுவிக் கழுவித்தான் வந்திருக்கு” என்று கொட்டித் தீர்த்தார். சமாதானம் என்று நினைத்துச் சொன்னது. கேட்டவளுக்கு அது இன்னொரு குத்தாகத்தான் இருந்திருக்கும்.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோய், பாதியில் அந்தக் கையைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள். அவர் கிட்டே போய் அந்தக் கையைப் பிடித்தார்.

“விடுங்க. ஒட்டிக்கும்.”

“ஒட்டட்டும். எனக்கென்ன புதுசா?” என்றார். “பெரிய டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். யாருன்னு வெளியில சொல்ல வேண்டியதில்ல. உனக்கு லீவுன்னு சொல்லிடலாம்.”

அவள் தலையை ஆட்டினாள்.

“எங்கப்பா போனப்போ யாரும் எங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லல. வந்திருந்தா நான் அவங்க சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருப்பேன். அவங்களுக்கும் தெரியாமத்தான் நடந்திருக்கும்னு இப்பதான் புரியுது. இருந்தாலும் வந்திருக்கணும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகமூடியை எடுத்துக் கட்டினாள். “நான் வார்டுக்குப் போறேன். உள்ள போக மாட்டேன். வாசல்ல நின்னு சொல்லிட்டு வந்துடறேன்.”

தோட்டக்காரரும் படியேறினார், மூச்சு வாங்க.

வார்டில் தாடியில்லாத தாடி டாக்டர் கட்டுப் போட ஆள் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பக்கத்துக் கட்டிலில் தையல்காரம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். லாரி டிரைவரும் வாத்தியாரும் எதிரே.

“என்ன நர்சம்மா, வாசல்லயே நின்னுட்ட? உள்ள வா.”

“உள்ள வரக் கூடாதும்மா” என்றாள் சோப்பு அக்கா. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். “உங்க மூணு பேர் காயத்துலயும் சீழ் வெச்ச கிருமி எங்கிட்ட இருந்து வந்தது. என் மூக்குல இருந்து கைக்கு, கையில இருந்து உங்களுக்கு. எனக்குத் தெரியாது. தெரியாம இருந்தாலும் செஞ்சது நான்தான். டாக்டர், உங்க தாடிக்கும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

டாக்டர் வழக்கம்போலத் தாடியைத் தடவப் போய் வெறும் காற்றைத் தடவினார். யாரும் சிரிக்கவில்லை.

“அதாவது, விஞ்ஞானப்படி பார்த்தா மூணுல ஒருத்தருக்கு...” என்று பின்னாலிருந்து ஆரம்பித்தார் தோட்டக்காரர்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் மனைவி.

“ஆமா, நீ சும்மா இரு” என்றாள் தையல்காரம்மா. பிறகு பிடித்துக்கொண்டாள். “ஏம்மா, உனக்கு வேற இடமே கிடைக்கலையா? இங்க வந்து என் வயித்துலயா கொண்டாந்து விடுவ? கடையைப் பூட்டி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கல்யாணத் துணி அளவெடுத்து அப்படியே கிடக்கு. அந்தப் பொண்ணு எதைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கும்? காய்ச்சல்ல ஒரு நாள் என் பையன் பேரே எனக்கு ஞாபகம் வரல. செத்துப்போயிடுவேன்னு நினைச்சேன். யார்கிட்டயும் சொல்லாம இந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அதையெல்லாம் நீயா திருப்பித் தரப்போற?”

“இல்லம்மா. தர முடியாது.”

“தெரியுதில்ல? ஊரையே கை கழுவு கை கழுவுன்னு விரட்டிட்டு!”

சோப்பு அக்கா தலையைக் குனியவில்லை. ஒவ்வொரு திட்டையும் நின்று வாங்கிக்கொண்டாள். ஒரு திட்டும் தவறிக் கீழே விழுந்துவிடக் கூடாது என்பதுபோல நின்றாள். இத்தனை வருஷமாக இவள் யாரையோ தேடித் தேடித் திட்ட நினைத்தாளே, அந்த ஆள் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது இவளே நிற்கிறாள் என்பது தோட்டக்காரருக்குப் புரிந்தது.

தையல்காரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்தாள். டாக்டர் இதுதான் சமயம் என்று கட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலை நெருங்கினார். “நான் பார்த்துக்கறேம்மா” என்று பழைய பிளாஸ்டரின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். அவள் அலறிய அலறலில் வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார்.

“தோலையும் சேர்த்து உரிக்கிறீங்களே!” என்று டாக்டரின் கையைத் தட்டிவிட்டு, அவள் வாசல் பக்கம் திரும்பினாள். “ஏய் நர்சம்மா, உன் மூக்கு சரியாக எவ்வளவு நாளாகும்?”

“மூக்குல மருந்து போட்டு, திரும்பவும் சோதிச்சு, சுத்தம்னு வரணும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும்மா.”

“கைக்கு?”

“கைக்குக் களிம்பு தடவணும். எனக்குப் பிடிக்காது.”

“பிடிக்காதாம்!” என்றாள் தையல்காரம்மா. கோபம் போகவில்லை. அவ்வளவு சீக்கிரம் போகிற கோபமும் இல்லை அது. “ஒழுங்கா தடவிக்கோ. தடவிக்கிட்டு வந்து சேரு. இந்தக் கட்டை வலிக்காமப் பிரிக்க இங்க உன்னை விட்டா வேற ஆள் இல்ல.”